மௌனத்தால் நடித்தவர்



கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹற்றனுக்குச் செல்லும் பாதையிலே கித்துல்கல என்னும் ஊர் உண்டு. அங்கே களனி கங்கைக்குக் குறுக்கே பெரியதொரு மரப்பாலத்தைக் கட்டி, 1957 மார்ச்சு மாதத்திலே புகைவண்டியோடு அதைத் தகர்த்துப் படம் பிடித்தார்கள். 'குவாய் நதிப் பாலம்' என்ற அப்படத்தை உங்களுட் பலர் பார்த்திருப்பீர்கள். அதிலே யப்பானியச் சிறைமுகாமின் தலைவர் கேணல் சயிட்டோவாகத் தோன்றிய முதியவரே செசூ ஹயாகாவா. இலங்கைக்கு அவர் வருவதற்கு நாற்பது ஆண்டுகளின் முன்னரே ஹொலிவூட்டின் முதல்வரிசை நட்சத்திரமாக அவர் திகழ்ந்தார் என்பதைப் பலர் அறியார்.

யப்பானின் சிபா மாநிலத்திலே பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கிந்தாரோ. அமெரிக்கா சென்று, லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து யப்பானியர் நாடக மேடையிலே நடித்தவரைத் தோமஸ் இன்ஸ் என்ற தயாரிப்பாளர் கண்டு, படவுலகிற்கு அழைத்துக்கொண்டார். 1914 இல் வெளியான 'சூறாவளி' அவரை அறிமுகஞ் செய்தது. நடிகை சுரு அவோகியை அவர் மணந்ததும் அவ்வாண்டிலேயே.

அடுத்த ஆண்டு சிசில் டிமில் நெறிப்படுத்திய 'வஞ்சனை' என்ற படம் அவரைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது. பொதுப்பணத்தைச் சூதாட்டம் போன்றதொரு வணிகத்தில் இழந்த ஒரு சீமாட்டிக்குப் பணம் கொடுக்கும் யப்பானியத் தந்தவணிகன், அவள் வாக்குத் தவறியபோது தன் முத்திரையைக் காய்ச்சி அவள் தோளிலே சுடுகின்றான். கதை இவ்வளவு கொடியது. ஆயினும் மக்கள் கண்டது அவ்வணிகனின் முகத்தையே. பேசாப்பட நடிகர் பலர் கைகளை வீசி, கண்களை உருட்டி உணர்ச்சியைக் காட்டிய காலம் அது. ஹயாகாவாவோ முகத்தை அசைக்காமல், பார்வை ஒன்றாலேயே சினத்தையும் ஆசையையும் புலப்படுத்தினார். குரலை உயர்த்தாத ஆசிரியருக்கே வகுப்பு அதிகம் அஞ்சும் என்பதை என் தொழிலைச் சேர்ந்தோர் அறிவர். ஏறத்தாழ அத்தகையதே அவருடைய நடிப்பு. பாரிசிலே லூயி டெலுக் முதலிய விமர்சகர்கள் அந்நடிப்பை வியந்து எழுதினர். வலன்ரினோவின் 'ஷேக்' வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளின் முன்னரே அமெரிக்கப் பெண்களின் மனங்கவர்ந்த நாயகராக ஒரு யப்பானியர் விளங்கியமை வியப்பன்றோ!

ஆனால் அமெரிக்காவில் வாழ்ந்த யப்பானியர் மகிழவில்லை. 'ராபு சிம்போ' என்ற அவர்களுடைய பத்திரிகை அப்படத்தைக் கண்டித்தது. தங்கள் இனத்தையே கொடியோராகக் காட்டும் படம் அது என்பது அவர்கள் முறைப்பாடு. அம்முறைப்பாடு நியாயமானதென்றே நான் கருதுகிறேன். 1918 இல் படம் மீண்டும் திரைக்கு வந்தபோது, யப்பான் உலகப்போரிலே நேசநாடாக இருந்தமையால், வணிகனைப் பர்மாக்காரனாக மாற்றிவிட்டார்கள். முகம் அதே முகம். மாற்றியது எழுத்துக்களை மட்டுமே! பர்மியர் மனம் புண்படுமே என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

நாயகனாக நடித்தபோதும் அவருக்கு ஒரு வேலி இருந்தது. வெள்ளையருக்கும் ஆசிய இனத்தவர்க்கும் இடையே திருமணத்தைக் கலிபோர்னியாச் சட்டம் 1948 வரை தடுத்தது. ஆதலால் திரையிலும் அவர் காதலிக்கலாம்; காதலியை அடைதல் ஆகாது. தியாகஞ் செய்து விலகுவார், அல்லது இறந்துபடுவார். இதனைச் சலித்தே 1918 இல் ஹாவோர்த் என்ற சொந்தப் படக் கம்பனியைத் தொடங்கினார். அதன் வெளியீடுகளுள் ஒன்றான 'நாக ஓவியன்' 1919 இல் வந்தது. இழந்த காதலியைத் தேடி மலையிலே பித்தனாய்த் திரிந்து ஓவியந் தீட்டும் ஒருவன், காதலியைப் பெற்றதும் கைத்திறனை இழந்துவிடுகின்ற கதை அது. நாயகியாக நடித்தவர் அவர் மனைவியே. அங்கே அவர் கொடியவருமல்லர், தியாகியுமல்லர். ஒரு கலைஞன், அவ்வளவுதான்.

யப்பானியர் மீதான வெறுப்பு நாட்டிலே வளர்ந்து வந்தது. 1922 இல் அவர் ஹொலிவூட்டை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே, யப்பானியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் பிரான்சிலும் பிற நாடுகளிலும் நடித்தார். இரண்டாவது உலகப்போர் அவரைப் பாரிசிலே சிக்கவைத்தது. மனைவி மக்கள் யப்பானில். இவரோ ஜேர்மானியர் கைப்பற்றிய நகரில் நீர்வர்ண ஓவியங்களை விற்று நாட்கழித்தார்.

1949 இல் ஹொலிவூட் மீண்டும் அழைத்தது. கித்துல்கலைக்கு அவர் வந்தபோது எழுபது வயதை அண்மியிருந்தார். கிடைத்த பாத்திரம் பழைய வகையே: கொடுங்கோலனான கீழைத்தேயத்தவன். எனினும், கைதியான ஆங்கிலத் தளபதியின் பிடிவாதத்துக்குப் பணிந்தபின், தனியறையில் சயிட்டோ விம்மி அழும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அங்கே வசனம் எதுவுமில்லை. பேசாப்படக் காலத்துக் கலை முழுவதும் அந்தச் சில கணங்களிலே திரும்பி வருகின்றது. அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. துணைநடிகர் விருதுக்கு இவர் பெயரும் முன்மொழியப்பட்டது. விருது, 'சயொனாரா' படத்தில் நடித்த ரெட் பட்டன்ஸ் என்பவருக்குப் போயிற்று.

சுரு அவோகி 1961 இல் மறைந்தார். ஹயாகாவா 1973 நவம்பர் 23 ஆம் திகதி தோக்கியோவிலே காலமானார். நெடுங்காலம் அழிந்துபோயிற்றென எண்ணப்பட்ட 'நாக ஓவிய'னின் பிரதியொன்று பிரான்சிலே கிடைத்துச் செப்பனிடப்பட்டது. 2014 இல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அதனைச் சேர்த்துக்கொண்டது. கித்துல்கலைப் பாலத்தைப் பார்த்தவர்கள் இதையும் தேடிப் பார்த்தல் வேண்டும்.