மனக்காயமும் அதற்கு மருந்தும்

(யூபிலி விழாவையொட்டி அரும்பாவூர் பங்கு மக்கள் முன் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியும் தேரும் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு என்பது முதன்மையாக விடுதலை ஆண்டு. அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகும் ஆண்டு. ஆகவே விழாக் குழுவினர் நலவாழ்வைப் பற்றிப் பேசும்படி கேட்டபோது, நம்மிடையே கட்டுண்டு கிடப்போர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பற்றிச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு காயத்தைச் சுமந்துகொண்டு, அதற்குப் பெயர்கூடத் தெரியாமல் வாழ்பவர்களைப் பற்றி நான் பேச விரும்புகிறேன்.

அரியலூர் சொல்லும் பாடம்

நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுகிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1956 நவம்பர் 23. அடைமழைக் காலம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற எக்ஸ்பிரஸ் ரயில் விடியற்காலையில் அரியலூரைக் கடந்து கல்லகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மருதையாற்றில் பெருவெள்ளம். பாலம் நிலைகுலைந்து, இன்ஜினும் பெட்டிகள் பலவும் ஆற்றில் வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

நாம் எண்ணிப் பார்க்காத பகுதி ஒன்றும் அதில் உண்டு. அந்த இருளில் உயிர் தப்பியவர்கள் பின்னர் எப்படி உறங்கினார்கள்? சடலங்களைத் தூக்கிய சுற்றுவட்டாரக் கிராமத்தாரின் மனம் என்ன பாடுபட்டது? கை கால் முறிந்தவருக்குக் கட்டுப் போட ஆள் இருந்தது. மனம் முறிந்தவருக்குக் கட்டுப் போட வேண்டும் என்ற எண்ணமே அக்காலத்தில் இல்லை. அதைக் குறிக்க மருத்துவ நூல்களிலும் நிலையான பெயர் இல்லை.

மேலை நாடுகளும் இதில் நம்மைவிட அறிவாளிகளாக இருந்துவிடவில்லை. முதல் உலகப் போரில் பீரங்கிச் சத்தத்துக்கிடையே கிடந்த வீரர்கள் நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள். அதைக் "குண்டு அதிர்ச்சி" என்று 1915-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் எழுதினார். ஆயினும் போர்முனையை விட்டு ஓடியவர், கோழை என்பன போன்ற குற்றச்சாட்டுகளின் பேரில் பிரிட்டிஷ் படையினர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் தம் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் மனக்காயம் பட்டவரும் இருந்தனர். அவர்களில் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது எப்போது தெரியுமா? 2006-ல். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து!

வியட்நாம் போரிலிருந்து திரும்பியோரின் துயரமும், வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் துயரமும் சேர்ந்து மருத்துவ உலகின் கண்ணைத் திறந்தன. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் இந்நோய்க்கு ஒரு பெயர் கொடுத்தது. பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். "பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோய்" என்று பொருள். யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர்கள் "மனவடு" என்ற சொல்லை வழங்கிவருகிறார்கள். உள்ளத்தில் பட்ட காயத்தின் தழும்பு. எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள்!

காயத்தின் அடையாளங்கள்

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நான் கற்பனையாகச் சொல்லும் ஆள் இவர், எவரையும் குறிப்பதன்று. வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு இரவில் திருச்சி நெடுஞ்சாலையில் போன ஓர் இளைஞர். விபத்து. பக்கத்தில் இருந்த நண்பர் இறந்துவிட்டார். இவருக்குச் சிறு காயந்தான். ஊரார், "கடவுள் காப்பாற்றினார்" என்றார்கள். உண்மைதான். ஆனால் மூன்று மாதம் கழித்தும் அவர் வண்டி ஏறவில்லை. டீசல் வாடை அடித்தால் உடம்பு வியர்க்கிறது. நள்ளிரவில் அலறி எழுகிறார். பிள்ளை தட்டைக் கீழே போட்டால் துள்ளிக் குதித்து, அடிக்கக் கை ஓங்குகிறார். மனைவியிடம் சிரித்துப் பேசுவதில்லை. மாலையானால் குடிக்கிறார். "திமிர்" என்கிறார் ஒருவர். "செத்தவன் பிடித்துக்கொண்டான்" என்கிறார் மற்றவர்.

இதில் நான்கு அடையாளங்கள் உள்ளன. முதலாவது, நடந்தது நினைவாகவும் கனவாகவும் மீண்டும் மீண்டும் வருதல். அதுவும் பழைய கதையாக வராமல், இப்போதே நடப்பதுபோல் வரும். இரண்டாவது, அதை நினைவூட்டும் இடம், மனிதர், பேச்சு ஆகியவற்றை விட்டு விலகி ஓடுதல். மூன்றாவது, மனம் மரத்துப்போதல். தன்மீதும் உலகின்மீதும் நம்பிக்கை இழத்தல். "என்னால்தான் நடந்தது" என்று தன்னையே குற்றஞ்சாட்டுதல். நான்காவது, எந்நேரமும் விழிப்பும் திடுக்கிடலும் எரிச்சலும், உறக்கமின்மை. இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து வேலையையும் குடும்பத்தையும் கெடுக்குமானால், அது மனவடு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போக வேண்டும். சிலருக்குப் பல மாதங்கள் கழித்தும் தொடங்குவதுண்டு. சிறு பிள்ளைகள் வாயால் சொல்லமாட்டார்கள். படுக்கையை நனைப்பார்கள், தாயை விட்டு நகரமாட்டார்கள், நடந்த விபத்தையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள்.

துன்பம் கண்ட எல்லாருக்கும் இது வருவதில்லை. உலகில் நூற்றுக்கு 70 பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தகைய கொடிய நிகழ்ச்சிக்கு ஆளாகிறார்கள் என்றும், நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கே இந்நோய் வருகிறது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களிடமும் போரில் சிக்கியவர்களிடமும் அது மிகுதி. ஆகவே வீட்டுக்குள் அடியும் உதையும் பட்டு, வெளியே சொல்ல முடியாமல் இருக்கும் நம் சகோதரிகளையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மறக்க முடிவதில்லை?

"நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மறக்க முடிந்தால் மறந்திருக்கமாட்டாரா? சாதாரண நினைவுக்கு நாளும் இடமும் உண்டு. "அது முடிந்தது" என்ற முத்திரையும் உண்டு. பேராபத்தின் நேரத்தில் மூளையின் அபாயமணி ஓயாது ஒலிப்பதால், அந்த முத்திரை சரியாக விழுவதில்லை. ஆகவே வாடையோ ஓசையோ தொட்டவுடன் மணி மறுபடி ஒலிக்கிறது. உடம்பும் ஓடத் தயாராகிறது. இது கோழைத்தனமும் அன்று, விசுவாசக் குறைவும் அன்று.

நம் வயல்காட்டு வெங்காயப் பட்டறையை நினைத்துப் பாருங்கள். உள்ளே அழுகல் வாடை வந்தால் மூடி வைத்துவிட்டு, "தானே சரியாகும்" என்று இருப்போமா? திறந்து, காற்றாட விட்டு, கவனமாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஆனால் கொட்டுகிற மழையில் பிரிப்பதில்லை. அதற்கு நேரமும் கைப்பழக்கமும் வேண்டும். மனத்தைத் திறப்பதும் அப்படித்தான்.

மருத்துவம் உண்டு

அன்பர்களே, இந்நோய் குணமாகக்கூடியது. இதை நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

பயிற்சி பெற்ற ஆலோசகரோடு பேசிப் பெறும் சிகிச்சையே முதன்மையானது. அஞ்சி ஒதுங்கும் நினைவையும் இடத்தையும், பாதுகாப்பான சூழலில் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குகிறார்கள். "என்னால்தான் நடந்தது" என்பதுபோன்ற எண்ணங்களை எடுத்து ஆராய்ந்து திருத்துகிறார்கள். கண்ணசைவைக் கொண்டு செய்யும் ஒரு முறையும் உண்டு. இன்னொரு முறையில் தரையில் ஒரு கயிற்றை நீட்டி, அதைத் தன் வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறப்பு முதல் இன்றுவரை நல்லவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகக் கதை சொல்ல வேண்டும். கல் கயிற்றைவிட்டு மறைந்துவிடாது. ஆனால் வாழ்க்கை முழுவதும் கல்லாக இல்லை, பூவும் இருந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. போரும் ஆழிப்பேரலையும் கண்ட இலங்கையின் வடகிழக்குத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இம்முறையில் சிகிச்சை தந்தார்கள். வேறு சில பிள்ளைகளுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் தந்தார்கள். இரு குழுவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள் என்று 2009-ல் அவ்வாராய்ச்சி வெளியாயிற்று.

மாத்திரையும் சிலருக்குத் தேவைப்படும். செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்றவற்றை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாள் தின்றுவிட்டு நிறுத்துவதும், நன்றாகிவிட்டதென்று நாமாகவே நிறுத்துவதும் கூடாது. கடையில் தூக்கமாத்திரை வாங்கித் தின்பது இந்நோய்க்கு மருந்தாகாது. பழக்க அடிமைத்தனமே மிஞ்சும். சாராயம் இரவை மறைக்கும். காலையில் காயத்தை இரட்டிப்பாக்கும்.

எங்கே போவது? நம் மாவட்டத்திலும் அரசின் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. வெளியே போகத் தயங்குபவர் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

செபமும் சிகிச்சையும்

"சாமி, மந்திரித்துக் கயிறு கட்டினோம், திருத்தலத்தில் கொண்டுபோய் விட்டோம், சரியாகவில்லை" என்பவர்கள் உண்டு. ஏலாக்குறிச்சிக்கும் வேளாங்கண்ணிக்கும் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். அழும் இடம் கிடைப்பதே ஒரு மருந்து. செபமாலையின் ஒரே சீரான ஒலி துடிக்கும் நெஞ்சை அமைதிப்படுத்தும். யாழ்ப்பாணத்து மருத்துவர்களும் அவரவர் சமய வழக்கப்படி செபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் டாக்டருக்குப் பதிலாக அல்ல. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதோ மிகப் பெரிய பாதகம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

பாவசங்கீர்த்தனம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிழைத்தவர் பலர், "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்?" என்று குற்ற உணர்வால் வாடுவதுண்டு. கொடுமைக்கு ஆளான பெண், தானே பாவி என்று எண்ணுகிறாள். சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே! தப்பிப் பிழைத்தது பாவமன்று. பிறர் செய்த கொடுமை உங்கள் பாவமன்று. செய்யாத பாவத்துக்கு மன்னிப்புத் தேவையில்லை, ஆறுதல் தேவை. அதற்காக என்னிடம் வாருங்கள். மருத்துவரிடமும் போங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. விபத்தோ சாவோ நேர்ந்த வீட்டில் முதலில் பாதுகாப்பும் உணவும் உறக்கமும் தேடிக் கொடுங்கள். எலியா தீர்க்கதரிசி அஞ்சி ஓடி, சூரைச்செடியின் கீழே சாவை வேண்டிக் கிடந்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி உறங்க விட்டார்.

2. "என்ன நடந்தது, சொல்லு" என்று துருவாதீர்கள். அதிர்ச்சி நேர்ந்த உடனே எல்லாவற்றையும் கட்டாயப்படுத்திச் சொல்லவைப்பது நன்மை தராது என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அவராகச் சொன்னால், இடைமறிக்காமல் கேளுங்கள்.

3. "ஆம்பளையா நீ?", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இல்லையா?" என்ற சொற்களை விட்டுவிடுங்கள்.

4. ஒரு மாதமாகியும் தேறாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "போ" என்று சொல்லாமல், கூடவே பஸ் ஏறுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் ஒரு நாளும் காத்திராதீர்கள், தனியே விடாதீர்கள்.

5. அன்பியக் கூட்டங்களில் யார் கொஞ்ச நாளாக வரவில்லை என்று பாருங்கள். வராதவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அன்பர்களே, 2004 டிசம்பர் 26-ல் நாகைக் கரையில் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றபோது, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் உள்ளூர்ப் பணியாளரைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். பெரிய படிப்பில்லாதவரும் கேட்கும் காதும் பொறுமையும் இருந்தால் துணைநிற்கலாம் என்பதை அது காட்டிற்று. மருதையாற்றங்கரையில் அன்று உயிர் பிழைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. அக்காலத்தில் அறியாமை இருந்தது. இன்று நாம் அறிந்துகொண்டோம். இனி அறியவில்லை என்று சொல்ல நம்மால் ஆகாது.

நம் பங்கின் இந்த யூபிலி, காயம்பட்ட ஒருவரையாவது இந்த ஆண்டு முடிவதற்குள் மருத்துவரின் வாசலுக்கு அழைத்துச் செல்லுமானால், அதுவே உண்மையான விடுதலை ஆண்டு. இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குக!