வடலிக்கு யார் காவல்?



1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாம் அறிவோம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறித்தல் அதன்கீழ்க் குற்றமாகும். சொந்தக் காணியில் நிற்கும் மரமாயினும் விதி அதுவே. நல்ல சட்டந்தான், ஆயினும் அதில் ஓர் ஓட்டை உண்டு.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்பனையின் மகரந்தமின்றிப் பெண்பனை காய்க்காது. பாளை தள்ளும்வரை எது ஆண், எது பெண் என்று கண்டறிதல் அரிது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் செல்லும். அங்ஙனமாயின், பெண்பனையைக் காக்கும் சட்டம் வடலியை எவ்வாறு காக்கும்? வளவைத் துப்புரவாக்குவோன் வடலியை வெட்டிச் சாய்த்தால், அது பெண்ணென்று எந்த நீதிமன்றில் எவர் நிரூபிப்பார்?

2009இல் முடிந்த போரிலே காவலரண்களுக்கென எண்ணற்ற பனைகள் வீழ்ந்தன. எஞ்சியவற்றின் வாரிசே இன்றைய வடலி.

வீட்டு வளைக்கும் சிலாகைக்கும் பனை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. முதிர்ந்ததை அனுமதி பெற்றுத் தறிப்போம். ஆனால் ஆண், பெண், வடலி என்ற பேதமின்றிப் பனையினம் முழுவதும் சட்டத்தின் காவலுள் வரல் வேண்டும். ஊர்தோறும் சங்கங்கள் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றிப் பிரதேச செயலாளருக்கு அனுப்புக. சட்டம் திருந்தும்வரை, நம் வளவு வடலிக்கு நாமே காவல்.