சமூகப் பணிக்குப் படிப்பு எதற்கு?

(பொதட்டூர்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவு)



சமூகப் பணிக்கென்று மூன்று வருஷப் பட்டப் படிப்பு ஒன்று இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் அதில் சேரலாம் என்று சொன்னால், நம்மூர்ப் பெற்றோர்கள் சிரிக்கிறார்கள். "ஊருக்கு உழைக்க ஒரு படிப்பா? அதற்குப் பணம் வேறு கட்டுவதா? பெண் தறியில் உட்கார்ந்தால் நாலு காசு வருமே" என்கிறார்கள். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்கிற ஊரில் இது நியாயமான கேள்வியேயாகும். ஆதலால் அதற்கே பதில் சொல்லுகிறேன்.

தர்மம் வேறு, சமூகப் பணி வேறு. தர்மம் செய்கிறவன் தனக்குப் புண்ணியம் தேடுகிறான். நாளைக்கும் ஓர் ஏழை வாசலில் நின்றால்தானே அவனுக்குப் புண்ணியம்? சமூகப் பணியாளனோ, "இவன் ஏன் வாசலுக்கு வந்தான்?" என்று கேட்கிறான். வைத்தியர் நோயை ஆராய்வதுபோல, குடும்பத்தின் கஷ்டத்தையும் சாட்சியம் திரட்டி ஆராயவேண்டும் என்று அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் அம்மையார் 1917-லேயே பெரிய புத்தகம் எழுதினார். நம் நாட்டில் 1936-ல் டாட்டா பெயரால் பம்பாயில் இதற்கொரு பள்ளி தோன்றிற்று. 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியால் சென்னையிலும் ஒன்று ஏற்பட்டது.

இனி நம் எல்லைக்கு வருவோம். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணிப் பகுதி சித்தூர் ஜில்லாவை விட்டு நம் ராஜ்யத்தில் சேர்ந்தது. கோடு மாறிற்றே ஒழிய, கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. அங்கே மாமன், இங்கே மச்சான். ஆனால் அரசியல் சட்டம் 341-வது பிரிவுப்படி ஆதிதிராவிடர் பட்டியல் ராஜ்யத்துக்கு ராஜ்யம் தனி. ஒரு ராஜ்யத்துப் பட்டியலில் உள்ளவர் வேறு ராஜ்யத்துக்குக் குடிபோனால் அந்த உரிமை கூடவே போகாது என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். சர்ட்டிபிகேட் எங்கே கேட்பது, எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரியாமல், தரகனிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தால் அது யார் குற்றம்? அவளுக்கு வேண்டியது நம் அனுதாபமா? சட்டம் தெரிந்து, அவள் பேசும் தெலுங்கிலேயே விளங்கச் சொல்லி, தமிழில் மனு எழுதித் தரும் ஓர் ஆளா?

இரண்டு பாஷையும் தெரு விளையாட்டிலேயே கற்ற நம் பிள்ளைகளைவிட இதற்கு யோக்கியதை உடையவர் யார்?

முன்பணத்தைக் காட்டி ஒருவனை வேறிடம் வேலைக்குப் போகவொட்டாமல் கட்டிப்போடுவது கொத்தடிமை என்றும், அந்தக் கடனே செல்லாது என்றும் 1976-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கடன்பட்டவன் காதுக்கு அதை யார் கொண்டுபோவது?

நல்ல மனசு ஒன்றே போதாதா என்பீர்கள். போதாது. இப்படிப்பில் வகுப்புப் பாடத்தோடு களப்பணியும் உண்டு. மாணவர்கள் ஜனங்களிடையே சென்று, விசாரித்து, எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்திக் கொள்ள வேண்டும். கேட்ட இரகசியத்தை வெளியே விடக்கூடாது. வழியைக் காட்டலாமே தவிர, முடிவு கஷ்டப்படுகிறவர்களுடையதே. எல்லோரும் எல்லோருக்கும் உறவாயிருக்கும் சிறிய ஊரில் இது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். திண்ணையில் ஒரு வார்த்தை தவறிச் சொன்னால் ஒரு பெண்ணின் வாழ்வே கெட்டுப்போகும். தன் ஜாதிக்காரன் மனுவை முன்னும், மற்றவன் மனுவைப் பின்னும் வைத்தால் அது பணியல்ல, பழைய நாட்டாண்மையேயாகும்.

இதைப் படித்தால் பெரிய சம்பளம் வரும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் வருமானம் கொஞ்சமாகவே இருக்கலாம். ஏழைப் பிள்ளைக்கு மூன்று வருஷம் கூலி இல்லாமலிருப்பதும் சுமைதான். ஆகையால், "ஊருக்கு உழைக்கப் போ" என்று அந்தப் பெண்ணுக்கு மாத்திரம் உபதேசம் செய்வது அயோக்கியத்தனம். அவள் படித்தால் பயன் ஊருக்கு என்றால், செலவிலும் ஊருக்குப் பங்கு உண்டு. திருவிழாவுக்கு வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, ஒரு பிள்ளையின் சம்பளத்தையும் பஸ் செலவையும் வசூல் செய்யத் தெரியாதா?

இதை ஆண்களும் பெண்களும் கலந்து யோசித்து, சரியென்று பட்டால் இந்த வருஷமே ஒரு பிள்ளையையாவது அனுப்புங்கள் என்று கேட்டு, என் வார்த்தைகளை முடித்துக் கொள்ளுகிறேன்.