நரையும் திரையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முதுமையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். நோயையும் மருந்தையும் பற்றிப் பேச நான் தகுதியுடையவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்தவன். கண்ணாடி முன் நிற்கும் முதியவர் மனத்தில் எழும் எண்ணங்களைப் பற்றி மட்டும் சில சொல்லுவேன்.

ஆண்டு பல சென்றும் தலை நரைக்காதது எவ்வாறு என்று கேட்டவர்க்குப் பிசிராந்தையார் அளித்த விடை புறநானூற்றில் உள்ளது. மனைவி மக்கள் நல்லவர். ஏவலர் குறிப்பறிந்து நடப்பவர். அரசன் முறை தவறாதவன். ஊரில் சான்றோர் பலர். ஆகவே நரை இல்லை என்பது அதன் கருத்து. மயிர்க்காலில் நிறம் தரும் உயிரணுக்கள் குறைவதே நரை, அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று இன்றைய அறிவியல் கூறும். ஆயினும் ஒருவரின் தோற்றத்தைக் கணிக்க வீட்டையும் ஊரையும் அரசையும் சேர்த்து எண்ணினாரே, அந்தப் புலவர்! அதே கணக்கை நம் தங்கவயலுக்குப் போட்டுப் பார்ப்போம்.

வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் பாறையைத் துளைத்தனர். எழுந்த கல்தூசி நுரையீரலில் படிந்தது. சிலிகோசிஸ் என்னும் அந்நோயைப் போக்கும் மருந்து இன்றும் இல்லை. நாற்பது வயதிலேயே கன்னம் ஒட்டி, மூச்சிரைத்து, எழுபதின் தோற்றம் கொண்டோர் உண்டு. நரை காணாமலே மறைந்தோரும் உண்டு. ஆகவே, இங்கே நரைத்த தலை என்பது ஆழத்திலிருந்து மீண்டு வந்த தலை. அதைச் சுமப்பவர் ஏன் நாணுகிறார்?

ஆண்களின் செய்தி வேறு, பெண்களின் செய்தி வேறு. கணவன் மறைந்த அன்றே பூவும் பொட்டும் இழந்த முப்பது வயதுப் பெண்கள் இக்காலனியின் வரிசை வீடுகளில் இருந்தனர். அவர்களுக்கு முதுமையை ஆண்டுகள் கொண்டுவரவில்லை. உற்றார் உறவினர் கொண்டுவந்தனர். இன்று எழுபதைத் தாண்டிய அவர்களுட் சிலர், திருமண வீட்டில் படம் எடுக்கும்போது தூணுக்குப் பின்னே ஒதுங்குகின்றனர். முகச்சுருக்கத்திற்கு வெட்கப்படுகிறார்கள் என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முன்னே வராதே என்று அன்று சொன்ன சொல் அவர்கள் காதை விட்டு இன்னும் அகலவில்லை என்பதே என் எண்ணம். கணவர் உள்ள மூதாட்டியர்க்கோ மெலிந்த கூந்தலும் சவுரியும், விழுந்த பல்லுமே கவலை. அது சிறு கவலைதான், ஆனாலும் கவலையே.

இனி ஆண்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. பெங்களூரில் காவலாளி வேலை தேடும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் நரையோடு சென்றால், இளையவரை அனுப்புங்கள் என்கின்றனர். அவர் சாயம் பூசுவதை ஆடம்பரம் என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அது தொழிற்கருவி. ஒரு சொல் மட்டும்: கருஞ்சாயம் பலவற்றில் உள்ள பாராஃபினிலீன் டையமின் என்னும் பொருள் சிலர்க்கு அரிப்பையும் வீக்கத்தையும் தரும். காதின் பின்புறம் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் பூசுங்கள்.

முன்பதிவுப் படிவத்தில் வயது என்றொரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் கற்பித்ததை எனக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்படும் வரை, 60 நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் கட்டணச் சலுகை இருந்தது. கருகருவென்ற மீசையோடு வருபவர், பின்னால் நிற்பவர்க்குக் கேளாதபடி அறுபத்திரண்டு என்பார். அம்மையார் சிலரோ சலுகையே வேண்டாமென்று ஐம்பத்தாறு என எழுதினர். பாதிக் கட்டணத்தினும் இரண்டு வயது பெரிதாயிற்று! அப்போது எனக்குச் சிரிப்பு வந்ததுண்டு. எனக்கே காதோரம் வெளுத்துவிட்ட இந்நாளில் அவ்வளவாக வருவதில்லை.

இளைஞர்களே, 'பெரிசு' என்று கூப்பிடுவது உங்களுக்கு விளையாட்டு. கேட்பவர் அன்று மாலை கண்ணாடியைத் திருப்பி வைக்கிறார். ஐயா, அம்மா, தாத்தா, ஆயா என்ற சொற்கள் நமக்கு இல்லாமற் போய்விடவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் மலருக்காகக் குழுப்படம் எடுக்க இருக்கிறார்கள். முன்வரிசை நாற்காலிகளை அறுபது கடந்தோர்க்கு விடுமாறு செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் இசைந்துள்ளார். தூண் அருகில் நிற்கும் ஆயாக்களே, பூ வைத்துக்கொண்டும் வரலாம், வைக்காமலும் வரலாம். வந்து அமருங்கள்.