யாழும் அமுதசுரபியும்



பூம்புகார் என்றதும் தமிழ் நெஞ்சங்களில் முதலில் எழுவது கடற்கரை யாழோசை. இந்திர விழாவின் இறுதியில் மாதவியும் கோவலனும் மாறிமாறி யாழ் மீட்டிப் பாடினர். பாட்டில் குறையில்லை, ஆயினும் அது பிரிவில் முடிந்தது. அதே ஊரில் அவர்தம் மகள் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தினாள். தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகையின் துயர் தீர்த்தாள். உலக அறவி என்னும் அம்பலத்தில் ஆதரவற்றோர்க்கு உணவளித்தாள். தாய் கையில் யாழ். மகள் கையில் பாத்திரம். அறப்பணிக்கென நடத்தப்பெறும் இசை நிகழ்ச்சி இவ்விரண்டையும் ஒருங்கே ஏந்தும் முயற்சியாகும்.

இத்தகைய முயற்சி புதியதன்று. இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி 1974இல் ரமோன் மகசேசே விருது பெற்றது பொதுத்தொண்டுக்காக. கச்சேரி வருவாயை அறப்பணிகளுக்கு வழங்கிய வள்ளன்மையே அதற்குக் காரணம். 1990களில் இங்கிலாந்தில் தொடங்கிய 'வாய்சஸ் ஃபார் ஹாஸ்பிசஸ்' இசை நிகழ்ச்சிகள் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவின. நோய்த் தணிப்புச் சிகிச்சையை மக்கள் அறியச் செய்வதே அவற்றின் நோக்கம்.

அச்சிகிச்சை யாது? "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்திற்கு அது தரும் மறுமொழி. நோயைத் தீர்க்க இயலாதபோதும் வலியைத் தணிக்கலாம், மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், புண்ணைத் துடைக்கலாம், அச்சத்தை ஆற்றலாம். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி உடலோடு நிற்பதன்று என்றார். மனம், குடும்பம், ஆன்மா அனைத்தும் நோகின்றன என்பது அவர் கண்ட உண்மை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பணி, அண்டை வீட்டாரையே தொண்டர்களாக்கிக் கேரளமெங்கும் பரவியது.

இடர்களும் இருந்தன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், கடும்வலி தணிக்கும் மார்ஃபின் நோயாளிக்குக் கிட்டுவது அரிதாயிற்று. 2014இல் வந்த திருத்தம் வழியைச் சற்று எளிதாக்கியது. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இச்சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. ஆயினும், தணிக்கக்கூடிய வலியையும் விதியென்று பொறுத்திருக்கும் இல்லங்கள் இன்றும் பல. அங்கே முதற்குறை மருந்தன்று. மருந்து உண்டு என்னும் செய்தி.

அச்செய்தியைக் கொண்டு செல்ல இசையினும் நல்ல தூதில்லை. சாவைப் பற்றிய சொற்பொழிவுக்கு வரத் தயங்குவோர் பாட்டுக்கு வருவர். சீர்காழி முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் பாடிய காவிரி மண்ணில் கேட்கும் செவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நன்கொடைத் தட்டு நிறைந்ததும் கடமை முடிந்ததென எண்ணுவது பிழை. கைதட்டிய கைகளுள் ஒன்றேனும் மறுநாள் ஒரு நோயாளியின் கையைப் பற்றவில்லையெனில், அப்பாட்டும் கானல்வரிபோல் பிரிவிலேதான் முடியும்.

கவிஞர்க்கும் இதில் பங்குண்டு. நோயாளியை இரக்கப்பொருளாக்காமல் மனிதராகவே காட்டும் எளிய பாடல்கள் தேவை. அதனினும் தேவை, கட்டிலருகே அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்கும் பொறுமை.

மணிமேகலை மன்னனிடம் வேண்டியது பொன்னன்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டினாள், ஆக்கினாள். தீரா வலியோடு ஒருவர் தனித்துக் கிடக்கும் அறையும் சிறையே. அதன் கதவைத் திறப்பதற்குப் புகார் நகரம் என்றோ வழி காட்டியுள்ளது.