கண்ணாடியில் படியும் உறைபனி

குளிர்நாடுகளில் மோட்டார் வண்டி வைத்திருப்போர்க்கு மாரிகாலம் முழுவதும் விடியற்காலையில் ஒரு சில்லறை வேலை காத்திருக்கும். இரவு தெளிந்த கண்ணாடிகளோடு நிறுத்திய வண்டி காலையிலே சுண்ணாம்பு பூசிய சுவர்போல நிற்கும். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்க யன்னல்கள் ஆகிய யாவற்றின் மேலும் வெள்ளை வெளேரென்று உறைபனி படிந்திருக்கும். அதை அகற்றாமல் வண்டியை நகர்த்துதல் ஆகாது. ஐந்து நிமிட வேலைதான். ஆயினும் அந்த ஐந்து நிமிடம் கையில் இல்லாத நாளிலேதான் விபரீதம் விளைகின்றது.

கனடாவின் ரொறன்ரோ மாநகரை உதாரணமாகக் கொள்ளலாம். 1983ஆம் ஆண்டின் பின்னர் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாகச் சென்று குடியேறிய நகரம் அது. இங்குள்ள பல குடும்பங்களுக்கு அங்கே ஒரு பிள்ளையோ சகோதரனோ உண்டு. மார்கழி இறுதியில் அந்நகரில் சூரியன் உதிக்கும்போது நேரம் காலை 7.50 ஆகிவிடும். வேலைக்குப் போவோர் இருளிலேயே புறப்பட வேண்டும். மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் சிலருக்கு நிலத்தின்கீழ் வண்டி நிறுத்தும் வசதி உண்டு. தனி வீட்டுக்காரரின் வண்டியோ பெரும்பாலும் வீட்டு முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ் நிற்கும். அங்கேதான் உறைபனி தன் வேலையைச் செய்கின்றது.

இது மழைபோல மேலிருந்து விழுவதன்று. காற்றிலே கலந்துள்ள நீராவி, உறைநிலையினும் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் நீராகாமலே நேரே பளிங்குப் பனியாகிப் படிகின்றது. இங்கே ஒரு வியப்பு உண்டு. வெப்பமானி 2 அல்லது 3 பாகை செல்சியசு காட்டும் இரவிலும் கண்ணாடியில் உறைபனி காணப்படலாம். காற்று உறைநிலையை அடையாதிருக்கக் கண்ணாடி மட்டும் எவ்வாறு உறைகின்றது? முகிலற்ற இரவிலே கண்ணாடி தன் வெப்பத்தை வானவெளிக்கு ஓயாது இழந்துகொண்டிருக்கின்றது. இழந்த அளவுக்கு வானம் திருப்பித் தருவதில்லை. ஆகவே கண்ணாடி, தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றது. இதைக் காண்பதற்குக் கனடாவரை போகவேண்டியதுமில்லை. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில், நிலத்தினின்றும் உயர்த்தி வைத்த வெப்பமானி உறைநிலைக்கு மேலே நிற்கும்போதே புல்லின் நுனியிலும் தேயிலைக் கொழுந்திலும் வெண்பனி பூத்துவிடுவதுண்டு.

இவ்வுண்மையைத் திருத்தமாக எடுத்துக் காட்டியவர் இலண்டனில் வாழ்ந்த வைத்தியர் வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் என்பவர். மோட்டார் வண்டி தோன்றாத காலத்திலே, 1814ஆம் ஆண்டில், பனித்துளியைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். அவர் செய்த பரிசோதனை மிக எளியது. ஒரு பலகையை நிலத்தினின்றும் உயர்த்தி நிறுத்தி, சம எடையுள்ள கம்பளிப் பஞ்சில் ஒன்றைப் பலகையின் மேற்புறத்திலும் மற்றொன்றை அடிப்புறத்திலும் வைத்தார். பின்னர் நிறுத்துப் பார்த்தபோது, வானத்தை நோக்கியிருந்த பஞ்சு ஏராளமான பனிநீரை ஏற்றிருந்தது; பலகையின் நிழலில் இருந்த பஞ்சோ சிறிதளவே நனைந்திருந்தது. இரண்டையும் சூழ்ந்திருந்த காற்று ஒன்றே; வானம் தெரிந்ததும் தெரியாததுமே வேறுபாடு.

மோட்டார் வண்டிக்காரருக்கு வேண்டிய பாடம் முழுவதும் அந்தப் பலகையிலே அடங்கியிருக்கின்றது எனலாம். சரிந்து வானத்தை நோக்கும் முன்கண்ணாடியிலே பனி தடித்துப் படிவதும், நிமிர்ந்து நிற்கும் பக்க யன்னல்களில் மெல்லிதாகப் படிவதும் இதனாலேயே. தாழ்வாரத்தின் கீழோ, அடர்ந்த பசுமை மரத்தின் கீழோ நிறுத்திய வண்டி பெரும்பாலும் தப்பிவிடுவதும் இதனாலேயே. அத்தகைய இடம் கிட்டாதவர், இரவிலே முன்கண்ணாடியின்மேல் ஒரு விரிப்பை இட்டு, அதன் இரு முனைகளையும் முன்கதவுகளுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் போதும். காலையிலே விரிப்பை உரித்தெடுக்கும்போது பனியும் அதனோடு வந்துவிடும். இதற்கெனக் கடைகளில் விற்கும் விரிப்புகளும் உண்டு. தடித்த அட்டையும் உதவும். பழைய துணியை இடுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: துணி ஈரமாயிருந்தால் அது கண்ணாடியோடு சேர்ந்து உறைந்துபோய், பனியை அகற்றுவதினும் துணியை அகற்றுவது பெரும்பாடாகிவிடும்.

விரிப்பை இட மறந்தவர் காலையில் என் செய்வது? இங்கே இயற்கையின் கணக்கு ஒன்றை அறிந்திருத்தல் நல்லது. 0 பாகையிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை வெறுமனே உருக்குவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகிவந்த அந்த ஒரு கிராம் நீரை 80 பாகைவரை சூடாக்குவதற்கும் அதே அளவு வெப்பமே செலவாகும். பனியை உருக்குதல் அவ்வளவு விலையுயர்ந்த காரியம். ஆனால், பனிக்கும் கண்ணாடிக்கும் இடையேயுள்ள பிடிப்பை உடைத்துவிட்டால் உருக்கவேண்டிய தேவையே இல்லை. அதனாலேதான் ஒரு சிறிய பிளாஸ்ரிக் சுரண்டி, வண்டியின் இயந்திரத்தைவிட விரைவாக வேலையை முடித்துவிடுகின்றது. தடித்த பனியானால் சுரண்டியின் பல்லுள்ள பக்கத்தால் முதலிற் கீறிவிட்டுப் பின்னர் கூரிய பக்கத்தால் தள்ளினால் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். உலோகத் தகடு கண்ணாடியைக் கீறிவிடும்; ஆகாது. சட்டைப்பையிலுள்ள வங்கி அட்டையால் சுரண்டுவோரையும் அங்கே காணலாம். குளிரிலே அந்த அட்டை இலேசில் முறியும். முறிந்தபின் வங்கிக்கு நடப்பதைவிடச் சுரண்டி ஒன்றை வாங்கி வைத்திருப்பது இலாபம்.

பொறுமை இல்லாதவர் கேத்தலோடு வெளியே வருகின்றனர். கொதிநீரைக் கண்ணாடியில் ஊற்றுதல் மிகவும் பிழையான வழி. கண்ணாடி வெப்பத்தை விரைந்து கடத்தாது. கொதிநீர் பட்ட இடம் உடனே விரிய முயலும்; பக்கத்திலுள்ள குளிர்ந்த பகுதி இடங்கொடாது; இந்த இழுபறியிலே கண்ணாடி வெடித்துவிடலாம். முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளின் நடுவே பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டிச் செய்யப்படுவது. உடைந்தாலும் சிதறாமல் இருப்பது அதன் சிறப்பு. ஆயின், பக்க யன்னல்களின் வன்மையூட்டிய கண்ணாடி தாங்கும் வெப்ப அதிர்ச்சியை அது தாங்குவதில்லை. அதிலும், சிறு கல் தெறித்த வடு ஒன்று முன்னரே இருந்தால் கீறல் அங்கிருந்தே ஓடத் தொடங்கும். கண்ணாடி தப்பினாலும், கடுங்குளிரில் ஊற்றிய நீர் மறுபடி உறைந்து, வண்டியின் கீழே நிலமும் வழுக்கும்.

உப்பைத் தூவுவோரும் உளர். உப்பு பனியை இளக்கும் என்பது மெய். வண்டியின் உலோகத்தை அரிக்கும் என்பதும் மெய். வினாகிரியை முதல் நாளே பூசிவைத்தால் பனி படியாது என்று ஒரு கைவைத்தியம் வழங்குகின்றது. சமையலறை வினாகிரி -2 பாகையளவிலே தானே உறைந்துவிடும். ரொறன்ரோவின் குளிருக்கு அது எம்மாத்திரம்? அற்ககோலே பொருத்தமானது. ஐசோபுரோப்பைல் அற்ககோல் -89 பாகைவரை உறையாது. இரு பங்கு அற்ககோலுக்கு ஒரு பங்கு நீர் சேர்த்துத் தெளித்துச் சிறிது பொறுத்தால் பனியின் பிடி தளர்ந்துவிடும். தீப்பற்றக்கூடியதாகையால் நெருப்பின் அருகே அதை வைத்தலாகாது. கண்ணாடி கழுவுவதற்கென முன்புறத் தாங்கியில் ஊற்றும் திரவமும் குளிர்நாட்டுக்குரியதாகவே இருத்தல் வேண்டும். வெப்பநாட்டிலிருந்து புதிதாகச் சென்றவர் பழக்கத்தாற் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டால், அது உறைந்து பருத்துத் தாங்கியையே பிளந்துவிடக்கூடும். கனடாவில் விற்கப்படும் மாரிகாலத் திரவத்திலே மெதனோல் கலந்திருப்பது வழக்கம். அது கொடிய நஞ்சு. பார்வைக்கோ சர்பத்தைப்போல நீலநிறமாக இருக்கும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அதை எட்டாத இடத்திலே வைத்தல் வேண்டும்.

கண்ணாடி துடைப்பான் என்னும் கருவியும் பனியின் தொல்லையால் வந்ததே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அன்டர்சன் என்னும் பெண்மணி, மாரிகாலத்தில் நியூ யோர்க் நகரிலே திராம் வண்டியிற் சென்றபோது, பனிமழை படிந்த கண்ணாடியினூடே வழி காணமாட்டாமல் சாரதி முன் யன்னலைத் திறந்துவிட்டுக் குளிர் முகத்திலடிக்க வண்டி ஓட்டியதைக் கண்டார். உள்ளிருந்தபடியே ஒரு பிடியை அசைத்தால் வெளியே றப்பர்ப் பட்டி கண்ணாடியைத் துடைக்கும் பொறியொன்றை அமைத்து 1903ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். கனடாவின் மொன்றியல் நகர நிறுவனமொன்று அது விலைபோகாது என்று கூறி வாங்க மறுத்துவிட்டது. அப்பெண்மணிக்கு அதனால் வருவாய் எதுவும் கிட்டியதில்லை. ஆயினும் துடைப்பான் நீரைத் துடைக்கவே வல்லது. உறைந்த பனியைச் சுரண்டும் ஆற்றல் அதற்கில்லை. உறைந்து ஒட்டிய துடைப்பானை இயக்கினால் றப்பர் கிழியும், அல்லது மோட்டார் கருகும். இரவிலே துடைப்பான் கைகளை நிமிர்த்தி வைக்கும் வழக்கம் அதனால் வந்தது.

வண்டியின் இயந்திரத்தை ஓடவிட்டு வீட்டினுள் போய்த் தேநீர் அருந்தி வருவோர் பலர். சாவியோடு நிற்கும் வண்டியைக் கள்வர் விரும்புவர் என்பது ஒருபுறமிருக்க, ரொறன்ரோ நகர விதிப்படி ஒரு மணி நேரத்தில் 1 நிமிடத்துக்கு மேல் நிறுத்திய வண்டியின் இயந்திரத்தை வீணே ஓடவிடுதல் குற்றமாகும். மூடிய கொட்டகைக்குள் ஓடவிடுதலோ உயிரோடு விளையாடுவதாகும். புகைக்குழாயினின்றும் வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வெளியே நிற்கும் வண்டியிலும் புகைக்குழாயின் வாய் பனியால் அடைபட்டிருந்தால் அவ்வாயு உள்ளே புகுந்துவிடும்.

சில நாட்களில் வெளிப்புறத்தைச் சுரண்டிய பின்னரும் கண்ணாடி தெளிவதில்லை. பனி உட்புறத்திலே படிந்திருக்கும். சப்பாத்தோடு வண்டிக்குள் வந்த பனி உருகிக் கால்விரிப்பை நனைத்து, இரவிலே ஆவியாகி எழுந்து கண்ணாடியில் உறைந்ததே அது. ஏறுமுன் சப்பாத்தைத் தட்டிக்கொள்வதும் ஈர விரிப்பை வீட்டினுள் எடுத்துச்சென்று உலர்த்துவதும் இதற்கு மருந்து. ஓட்டும்போது வெப்பக்காற்றைக் கண்ணாடி நோக்கித் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி விடுதல் வேண்டும். உள்ளிருக்கும் ஈரக்காற்றையே சுழலவிட்டால் மூச்சின் ஆவி மறுபடி கண்ணாடியிலே வந்து சேரும்.

இனி, மிகப் பெரிய பிழையைச் சொல்லவேண்டும். நேரம் போதாதவர், சாரதியின் கண்ணுக்கு நேரே ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டிவிட்டு, அந்தத் துவாரத்தினூடே பார்த்துக்கொண்டு தெருவில் இறங்குகின்றனர். மற்றையது போகப் போக உருகிவிடும் என்பது அவர் எண்ணம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். நேரே முன்னாலுள்ள தெரு அவருக்குத் தெரிகின்றது. நடைபாதையினின்றும் இறங்குபவரோ பக்கத்திலிருந்துதான் வருவார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சந்தியைக் கடப்பதும் அதே நேரத்திலேதான். உறைபனி உருகும் முன்னரே முதற் சந்தி வந்துவிடும். அன்றியும், மாரிகாலச் சூரியன் உதித்தபின் வானத்தில் மிகத் தாழ்ந்தே நிற்கும். அதன் கதிர் எஞ்சிய பனியிலே பட்டுச் சிதறினால் கண்ணாடி முழுவதும் ஒரே ஒளித்திரையாகிவிடும். சுரண்டிய துவாரமும் அப்போது உதவாது.

ஒன்ராறியோ மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், முன்புறத்தையும் இருபக்கங்களையும் சாரதி தெளிவாகக் காணத்தக்க நிலையிலே கண்ணாடிகள் இருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. பிரித்தானியாவின் நெடுஞ்சாலை விதிக்கோவையும் 229ஆம் விதியிலே, புறப்படுமுன் எல்லா யன்னல்களிலும் உள்ள பனியை அகற்றும்படி பணிக்கின்றது. விளக்குகளும் இலக்கத் தகடும் துலங்கவேண்டும் என்பதும் அவ்விதியிலே உண்டு. கூரையின்மேற் குவிந்த பனியையும் தள்ளிவிடல் வேண்டும். அதை விட்டுவைத்தால், முதன்முறை பிறேக் போட்டதும் அது சரிந்துவந்து அரும்பாடுபட்டுத் துடைத்த முன்கண்ணாடியை ஒரே கணத்தில் மூடிவிடும்.

சுரண்டிக்கும் அடங்காத பனி ஒன்று உண்டு. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நீராகவே விழும் மழைத்துளி, பொருளைத் தொட்ட கணத்திலே பளிங்குபோல உறைந்து மூடிக்கொள்ளும். 2013ஆம் ஆண்டு மார்கழியில், நத்தாருக்குச் சில நாள் முன்பாக, ரொறன்ரோவில் அத்தகைய உறைமழை பெய்தபோது மரக்கிளைகள் பாரந்தாங்காது முறிந்து மின்கம்பிகளின்மேல் வீழ்ந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அவ்வாறான காலையில் வண்டியின் கதவே திறவாது. பிடியைப் பிடித்து இழுத்தால் கதவோர றப்பர் கிழிந்து வரும், அல்லது பிடியே கையோடு வந்துவிடும். முதலிற் கதவை உள்நோக்கி உடம்பால் அழுத்தி அமுக்கினால் ஓரத்திலுள்ள பனி நொருங்கும். அதன்பின் இழுத்தால் கதவு திறக்கும். வண்டியை முற்றத்திலேயே நிறுத்தி, உள்ளிருந்து வெப்பக்காற்றைக் கண்ணாடியிலே செலுத்திச் சிறிது நேரம் இளகவிட்ட பின்னரே சுரண்டியைக் கையில் எடுக்கவேண்டும். தெருவில் உப்புத் தூவும் வண்டி போய்விட்டதா என்று பார்த்துக்கொள்வதற்கும் அந்த நேரம் உதவும்.