இரண்டு கைப் பொத்தான்

கோவை கணபதியில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

கணபதியில் சத்தி ரோட்டை விட்டு எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு பட்டறைச் சத்தம் கேட்கும். லேத், பவுண்டரி, பம்புக்கு உதிரிப் பாகம் செய்யும் கொட்டகை, தகடு வெட்டும் பவர் பிரஸ். டெக்ஸ்டூல் கம்பெனி காலத்திலிருந்தே இந்த ஊருக்கு இரும்போடு பழக்கம் உண்டு. பவர் பிரஸ்ஸில் நின்றவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பழைய பிரஸ்ஸைக் காலால் மிதித்து இயக்க வேண்டும். கை டைக்குள் இருக்கும்போது கால் தவறி மிதித்தால் விரல் போய்விடும். பிறகு வந்த பிரஸ்களில் தள்ளித் தள்ளி இரண்டு பொத்தான்கள் வைத்தார்கள். இரண்டையும் இரு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை இறங்கும். கவனமாக வேலை செய் என்று எத்தனை முறை சொல்லியும் தப்பாத விரல்கள் அந்தப் பொத்தானால் தப்பின.

தற்கொலை பற்றிய ஆய்வுகளும் ஐம்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல இந்தப் பொத்தானை நோக்கித்தான் வந்திருக்கின்றன.

கொங்கு நாட்டில் எழவு வீட்டுத் திண்ணையில் ஒரு பேச்சு விழும்: “பொசுக்குன்னு இப்படி முடிவெடுத்துட்டானே.” கூடவே இன்னொருவர், “சின்ன வயசுலயே முன்கோபி” என்பார். ஒரே ஆளைப் பற்றிய இந்த இரண்டு பேச்சும் ஒன்றல்ல. முதலாவது நேரத்தைச் சொல்கிறது, இரண்டாவது சுபாவத்தை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழியும் சுபாவத்தின் பக்கம்தான் நிற்கிறது. அறிவியலும் அங்கிருந்துதான் தொடங்கியது.

1976இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மாரி ஆஸ்பெர்க் குழுவினர், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 68 பேரின் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். செரட்டோனின் என்னும் மூளை ரசாயனம் சிதையும்போது மிஞ்சும் ஒரு பொருள் யாருக்கெல்லாம் குறைவாக இருந்ததோ, அவர்களிடையே தற்கொலை முயற்சிகள் கூடுதலாக இருந்தன. 1983இல் பின்லாந்தில் கொலை, கொலை முயற்சி வழக்குகளில் சிக்கியவர்களிடம் மார்க்கு லின்னோய்லா அதே பொருளை அளந்தார். திட்டமிட்டுச் செய்தவர்களைவிட வெறி தலைக்கேறிச் செய்தவர்களுக்கு அது குறைவு. பிறர்மேல் பாயும் ஆத்திரமும் தன்மேலேயே திரும்பும் ஆத்திரமும் ஒரே ஊற்றில் பிறக்கக்கூடும் என்ற எண்ணம் அப்போது வலுப்பட்டது.

1999இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் மான் 347 நோயாளிகளை வைத்து இதை இன்னும் கூர்மையாக்கினார். தற்கொலைக்கு முயன்றவர்களையும் முயலாதவர்களையும் நோயின் கடுமை பிரித்துக் காட்டவில்லை. வாழ்நாள் முழுவதும் தெரிந்த ஆக்ரோஷமும் அவசரபுத்தியும்தான் பிரித்துக் காட்டின. அவசரபுத்தியை அளக்க எர்னஸ்ட் பாரட் வகுத்த 30 கேள்விகள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. யோசிக்காமல் பேசிவிடுவீர்களா, திட்டம் போட்டுச் செலவு செய்வீர்களா என்கிற மாதிரிக் கேள்விகள். திண்ணையில் உட்கார்ந்து நம்மூர்ப் பெரியவர்கள் கேட்காத கேள்வி அதில் ஒன்றும் பெரிதாக இல்லை.

அதோடு நின்றிருந்தால் முன்கோபிகளைப் பட்டியல் போட்டுக் கண்காணிப்பதுதான் வழி என்று ஆகியிருக்கும். ஆனால் 2014இல் மைக்கேல் அனெஸ்டிஸ் குழு, அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டபோது, அவசர சுபாவத்துக்கும் தற்கொலை முயற்சிக்கும் உள்ள தொடர்பு சிறியது என்றே தெரிந்தது. சுபாவத்தில் அவசரக்காரர் ஆயுள் முழுக்க நன்றாக இருந்துவிடலாம். நிதானமானவர் என்று பேரெடுத்தவரும் ஒரு ராத்திரியில் நிலைகுலைந்து போகலாம்.

ஆளை விட்டுவிட்டு நேரத்தை அளந்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில், மரணத்தின் விளிம்பு வரை போய்ப் பிழைத்த 13 முதல் 34 வயதுக்குட்பட்ட 153 பேரை விசாரித்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. முடிவெடுத்ததற்கும் செயலுக்கும் இடையே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்றவர்கள் 24 சதவீதம். இப்படி நொடியில் முயன்றவர்களிடம் மனச்சோர்வைவிட, அண்மையில் அடிதடியில் இறங்கியது கூடுதலாகக் காணப்பட்டது. இலங்கையின் கிராமப்புறத்தில் மைக்கேல் எடில்ஸ்டன் குழு பேசிய பிழைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் யோசித்திருந்தார்கள். அப்படிப் பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் பல நாட்டு ஆய்வுகள் சேர்ந்து சொல்லும் கணக்கு. அந்த அரை மணியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஆள் தங்குகிறார்.

தமிழ்நாட்டுக் கணக்குக்கு வேலூர்தான் வழிகாட்டி. கணியம்பாடி வட்டாரத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒவ்வொரு சாவையும் வீடு வீடாகப் போய் விசாரித்துப் பதிவு செய்தது. 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்த அதன் முடிவு இன்றும் படிக்கச் சங்கடமானது: 10 முதல் 19 வயதுக்குள் தற்கொலையால் இறந்தவர்கள், ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பெண் பிள்ளைகள், 58 ஆண் பிள்ளைகள். ஆத்திரக்காரன் என்று ஆண்பாலில் சொல்லும் பழமொழி இங்கே தடுமாறுகிறது. ஒரு வீட்டில் ஆத்திரம் ஒருவரிடம் இருக்கும், ஆபத்து இன்னொருவர் தலையில் விடியும். அதே வட்டாரத்தில் 2010இல் வெளியான ஆய்வில், இறந்த 100 பேரில் மனநோய் என்று பெயர் வைக்கத்தக்கது 37 பேரிடம்தான் இருந்தது. அதில் முதலிடம் குடி அடிமைத்தனத்துக்கு, 16 சதவீதம். கடும் மனச்சோர்வு வெறும் 2. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் கைக்கு வந்ததும் டாஸ்மாக் வாசலில் சேரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த 16இல் ஆச்சரியம் இருக்காது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். லட்சத்துக்கு 25.9, நாட்டின் சராசரி 12.4. காரணம் என்ற கட்டத்தில் நாடு முழுவதும் அதிகம் எழுதப்படுவது ‘குடும்பப் பிரச்சினை’. குடும்பம் இருக்கும் எல்லோருக்கும் உள்ள ஒன்றைக் காரணம் என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம். அதை வைத்துக்கொண்டு ஒரு சாவையும் தடுக்க முடியாது.

பொத்தான் எங்கே வைப்பது? தோட்டத்துச் சாளையில் பருத்திக்கும் தக்காளிக்கும் அடிப்பதை நாம் ‘மருந்து’ என்கிறோம். உயிரைக் கொல்வதற்கு இப்படியொரு பெயர். வீட்டுக்குள் அது கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் ஐந்து நிமிட ஆத்திரம் ஆயுள் முடிவாகிவிடுகிறது. சென்னையில் 1986இல் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘ஸ்நேகா’வைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு கிராமங்களில் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகள், பொறுப்பாளர் ஒருவர். விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்தார்கள். ஒப்பிட இன்னும் இரண்டு கிராமங்கள். பெட்டி இருந்த ஊர்களில் சாவும் முயற்சியும் இறங்கின.

இந்தக் கதையை இதோடு முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இலங்கையின் அனுராதபுரத்தில் 180 கிராமங்களை எடுத்து, அவற்றில் பாதியில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது: பலன் தெரியவில்லை. காட்டுமன்னார்கோவிலில் பெட்டி ஊர்ப் பொதுவில் இருந்தது, எடுக்கப் போனால் ஒரு மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டும். அனுராதபுரத்தில் பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில். ஒரு கையாலேயே அழுத்திவிடக்கூடிய பொத்தான் அது. இது தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். நான்கு கிராமத்துப் பலனை நாடு முழுக்க நீட்டுவதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும்.

ஐயமில்லாமல் பலித்தது தடை. 1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து நீக்கியது. இருபது ஆண்டில் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. அங்குள்ளவர்களின் கோபம் குறைந்துவிடவில்லை, வீடுகளில் சண்டையும் ஓயவில்லை. கைக்குக் கிடைத்தது அத்தனை கொடியதாக இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் கிடைத்தது. தமிழ்நாடு அரசும் ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. அறுபது நாளில் ஒரு பட்டம் பயிர்கூட முடியாது. இந்த விஷயத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்குக் கூடுதல் கடமை உண்டு. மாற்று மருந்தைச் சொல்லாமல் தடையை மட்டும் சொன்னால் விவசாயி ஏற்கமாட்டார்.

இன்னொரு பொத்தானுக்கு இரும்பும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில், முயன்று பிழைத்து ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரைப் பின்தொடர்ந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பும். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2.

கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பிழைத்தவரை ஒளித்து வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. போலீஸுக்குப் பயந்து வீட்டிலேயே கைவைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

பட்டறைச் சுவரில் 108 எழுதியிருக்கிறது. அதன் பக்கத்தில், இரவும் பகலும் தமிழிலேயே பேசக் கிடைக்கும் டெலி மானஸ் 14416, மாநில அரசின் 104, ஸ்நேகாவின் 044-24640050 ஆகிய மூன்று உதவி எண்களையும் எழுதச் சாக்பீஸ் போதும்.